இரண்டு நாட்டுச் ‘சரி’

மார்ச் 4

அக்கா,

உன் போனும் கணினியும் வரி அலுவலகத்தில் இருக்கும்வரை நாம் காகிதத்தில்தான் பேசியாக வேண்டும். பட்டறை ஃபோர்மேனுடைய போனில் பேசலாம் என்றாய். பேசினோம். பாதியில் வைத்துவிட்டாய். அதனால்தான் கூரியர். எழுதினால் முழுசாகப் படித்துவிட்டாவது திட்டுவாய்.

இதோடு ஒரு வாக்குமூலம் வைத்திருக்கிறேன். ஒரே பக்கம். கையெழுத்துப் போட்டு அந்த வரி அதிகாரியிடம் கொடு. சொந்தமாக ஒரு வரிகூடச் சேர்க்காதே.

ஏன் என்று கேட்பாய். மறுபடி சொல்கிறேன், இந்த முறையாவது மண்டையில் ஏற்றிக்கொள். அங்கே உன் பட்டறை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குச் சக்கரம் செய்கிறது. அந்தச் சக்கரத்தின் வடிவமைப்பு இங்கே நான் நடத்தும் கம்பெனிக்குச் சொந்தம். ஆஸ்பத்திரிகளுக்கு விற்பதும் அந்தக் கம்பெனிதான். உன் பட்டறைக்குச் செய்கூலியும் அதன்மேல் கொஞ்சமும் வருகிறது; மிச்ச லாபம் இங்கே தங்குகிறது, ஏனென்றால் இங்கே வரி குறைவு. இது திருட்டு இல்லை, சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: கம்பெனியின் முடிவுகளை இங்கே இருக்கும் நான் எடுக்க வேண்டும். அங்கே இருக்கும் நீதான் எடுக்கிறாய் என்று ஆகிவிட்டால் இது அந்த ஊர்க் கம்பெனி. லாபம் மொத்தத்துக்கும் அங்கே வரி, பழைய வருடங்களுக்கும் சேர்த்து, அபராதத்தோடு. இங்கே கட்டியதைத் திரும்ப வாங்க நான் தனியாக அலைய வேண்டும். அதற்குள் பட்டறைக்குப் பூட்டு.

அதிகாரி பிடித்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு சொல்லை. நான் மெயிலில் அனுப்பிய ஒவ்வொரு முடிவுக்கும் நீ ‘சரி’ என்று பதில் போட்டிருக்கிறாய். அதை அவர் ஒப்புதல் என்கிறார். அதனால் வாக்குமூலத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘சரி என்பது தகவல் கிடைத்தது என்பதற்கு எங்கள் குடும்பத்தில் வழங்கும் சொல். அதற்குமேல் பொருள் இல்லை.’

ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸுக்கு நம் சக்கரத்தால் நடந்ததை இதில் இழுக்காதே. அதைக் காப்பீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

தம்பி


மார்ச் 13

டேய் அவசரக்குடுக்கை,

முழுசாகத்தான் படித்தேன். கையெழுத்துப் போடவில்லை.

அந்த அதிகாரி நேற்றும் வந்தார். நல்ல மனிதர். டீ வேண்டாம் என்பார், தண்ணீர்கூடச் சொந்த பாட்டிலில்தான். அலுவலக அறையில் இடம் இல்லாததால் பேக்கிங் மேஜையில் உட்கார வைத்தேன். பக்கத்தில் டிரில்லிங் மெஷின் கத்துகிறது, இவர் கோப்பைப் புரட்டுகிறார்.

“மேடம், உங்க தம்பி எடுத்த எல்லா முடிவுக்கும் கடைசியா நீங்க ‘சரி’ போட்டிருக்கீங்க. நீங்க போடற வரைக்கும் ஒண்ணும் நடக்கலை. போட்ட மறுநாளே நடக்குது. அப்போ முடிவு யாரோடது?”

“சார், வீட்டுக்கு போன் பேசிட்டு வைக்கும்போது நீங்க என்ன சொல்லுவீங்க?”

“சரின்னு சொல்லுவேன்.”

“அப்போ வீட்டுல முடிவெல்லாம் உங்களோடதா?”

மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “அதை என் மனைவிகிட்டதான் கேக்கணும்” என்றார். ஆனால் பேனாவை மூடவில்லை. சிரித்துக்கொண்டே எதையோ எழுதினார்.

சரி என்றால் தகவல் கிடைத்தது, அதற்குமேல் பொருள் இல்லையாம். எப்படிடா கை வந்தது உனக்கு? விலையை ஏற்று என்று நான் போனில் சொல்வேன். மறுநாள் காலையில் ‘விலையை ஏற்ற முடிவு செய்துள்ளேன், இப்படிக்கு இயக்குநர்’ என்று எனக்கே மெயில் வரும். நான் சமைத்ததை எனக்கே பரிமாறிவிட்டு, எப்படி இருக்கு என்று கேட்பாய். நானும் சரி என்பேன். இதைத்தானே நாலு வருடமாகச் செய்தோம்? இப்போது அடுப்படிப் பக்கமே போனதில்லை என்று கையெழுத்துப் போடச் சொல்கிறாய்.

அந்த நர்ஸ் கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டேன், நழுவினாய். இப்போது எழுத்தில் கேட்கிறேன்.

அக்கா


மார்ச் 21

அக்கா,

யார் சமைத்தது என்று யாரும் கேட்கவில்லை. தாளில் யார் பெயர் இருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள். வரி ஆலோசனை நிறுவனத்தில் என் வேலையே இந்த மாதிரித் தாள்தான். தினமும் இரண்டு நாட்டுச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வார்த்தை எந்தப் பக்கம் எப்படி விழும் என்று பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். என்னை நம்பு. இல்லாவிட்டால் நீயே ஒரு ஆடிட்டரைப் பிடி. அவரும் இதே வாக்குமூலத்தைத்தான் நீட்டுவார், கூடவே பில்லையும்.

இன்னொன்று. இந்தத் திட்டத்தை நான் உன் தலையில் கட்டவில்லை. பட்டறைக் கதவில் வங்கிக்காரன் நோட்டீஸ் ஒட்டிய அன்று போனில் அழுதது யார்? “ஏதாவது வழி பண்ணுடா” என்றாய். பண்ணினேன். நாலு வருடமாக ஒருவருக்கும் சம்பளம் தள்ளிப்போகவில்லை. அதை ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறாயா?

நர்ஸுக்குப் பாதத்தில் இரண்டு இடத்தில் முறிவு. தகடு வைத்திருக்கிறார்கள். நடப்பாராம். கேள்விப்பட்டதுதான், நேரில் போகவில்லை. போனால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று கம்பெனி வக்கீல் சொல்கிறார்.

கையெழுத்துப் போடு.

தம்பி


மார்ச் 30

உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அதனால் கூப்பிடவில்லை.

இன்று காலையில் அதிகாரி இரண்டு தாளை மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், உன் தொழிலைப் போலவே. ஒன்று, நீ எனக்கு அனுப்பிய வாக்குமூலத்தின் நகல். ஆமாம், கையெழுத்துப் போடாமலே நான்தான் கொடுத்தேன். “தம்பி இப்படிச் சொல்றான் சார், யோசிச்சுச் சொல்றேன்” என்று. இன்னொன்று உங்கள் ஊர் வரி அலுவலகத்திலிருந்து வந்தது. இரண்டு நாடும் விவரம் பரிமாறிக்கொள்ளுமாமே? அதை நீயேதான் ஒருமுறை பெருமையாகச் சொன்னாய்.

“படிங்க மேடம்.”

படித்தேன். அந்த நர்ஸுக்குக் கொடுக்க வேண்டிய நஷ்ட ஈட்டை என் பட்டறைக் கணக்கில் தள்ளியிருக்கிறாய். காரணம் காட்டியிருக்கிறாய்: சக்கரம் உருளாமல் பிடிக்கும் பிரேக் பூட்டில் எஃகுப் பல்லை எடுத்துவிட்டு நைலான் பல் வைக்கும் மாற்றத்துக்குப் பட்டறைத் தலைவி எழுத்தில் ஒப்புதல் தந்தார். சாட்சிக்கு என் ‘சரி’யை உங்கள் நாட்டு மொழியில் பெயர்த்து, கீழே நீயே கையெழுத்தும் போட்டிருக்கிறாய். ‘நான் இதற்கு முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்.’ இரண்டு எழுத்துச் சொல்லை ஒரு முழு வாக்கியமாக இழுத்திருக்கிறாயே, நல்ல கை.

ஒரே சரி. வரி கேட்கும்போது அது வெறும் ரசீது. பழி வரும்போது ஒப்புதல்.

“உங்க வீட்டுச் சரிக்கு எல்லையைத் தாண்டினா அர்த்தம் மாறிடுமா மேடம்?” என்று கேட்டார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. அடுத்த மேஜையில் ஃபோர்மேன் காது கேட்காதவர்போல ஒரே போல்ட்டைத் திருப்பித் திருப்பித் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் முட்டாள்தான். ஆனால் நான் உன் கூடப் பிறந்தவள்டா.


ஏப்ரல் 7

அக்கா,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முதல் இரண்டிலும் சட்டம் பேசியிருந்தேன்.

செலவு வந்தால் வரி அதிகம் உள்ள பக்கம் தள்ளு, லாபம் வந்தால் குறைவான பக்கம் இழு. என் தொழிலில் முதல் நாள் சொல்லித் தருவது இதுதான். நஷ்ட ஈடு என்ற எண்ணைப் பார்த்ததும் கை தானாக உன் பக்கம் தள்ளிவிட்டது. தள்ளியபிறகு அதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. உன் சரி கண்ணில் பட்டது. உன் முகம் ஞாபகம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

நைலான் பல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எஃகில் ஒரு குறையும் இல்லை. அதை மாற்றிய வருடம் கணக்கு முடிக்கும்போது பார்த்தேன், கம்பெனியின் எல்லா முடிவும் நீ போனில் சொன்னவை. எனக்கென்று உருப்படியாக ஒன்றுகூட இல்லை. யாராவது வந்து கேட்டால் காட்ட, நிஜமாகவே நான் எடுத்த ஒரு முடிவு வேண்டும் என்று தேடினேன். எடை குறையும், கப்பல் கூலி குறையும் என்று ஒரு பட்டியலில் நைலான் கிடைத்தது. வாடகை அறையில் தனியாக உட்கார்ந்து இயக்குநர் கூட்டம் நடத்தினேன். நானே தலைமை, நானே தீர்மானம், நானே நன்றியுரை. யாரும் எதிர்க்கவில்லை.

நீயும் எதிர்க்கவில்லை. இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். இருபது வருடமாகச் சக்கரம் செய்கிறாய். அந்தப் பல் தாங்காது என்று உனக்குத் தெரியாதா?

தம்பி


ஏப்ரல் 16

தம்பி,

தெரியும்.

முதல் மாதிரி வந்த அன்றே தெரியும். பிரேக்கை மிதித்தால் எஃகுப் பல் ‘டக்’ என்று விழும். நீ சின்னவனாக இருந்தபோது அந்தச் சத்தத்துக்காகவே ஒவ்வொரு சக்கரமாக மிதித்துக்கொண்டு திரிவாய். நைலான் சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. நான் ஃபோர்மேனைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். “ஆஸ்பத்திரியில தரை துடைக்கிற மருந்துத் தண்ணி பட்டுப் பட்டு வழவழன்னு ஆயிடும்மா, பிடிக்காது” என்றார். எனக்கும் அதேதான் தோன்றியது.

உனக்கு எழுத உட்கார்ந்தேன். அப்போது நீ அனுப்பியிருந்த கட்டளை ஞாபகம் வந்தது. ‘இயக்குநர் முடிவுக்கு எழுத்தில் மறுப்புச் சொல்லாதே, அது நம் வழக்கைக் கெடுக்கும்.’ போனை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ஏன் தெரியுமா? எனக்குக் கோபம். நான் பெற்று வளர்த்த கம்பெனியில் என்னைக் கூலிக்காரி ஆக்கிவிட்டு, பெரிய இவன்போல முதல்முதலாக ஒரு முடிவை எடுத்து அனுப்பியிருக்கிறான். நாலு சக்கரம் திரும்பி வரட்டும், பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே ‘சரி’ என்று அடித்து அனுப்பினேன்.

அதிகாரி அதை ஒப்புதல் என்கிறார், நீ ரசீது என்கிறாய். அந்த ஒன்று மட்டும் இரண்டும் இல்லை. அது ‘நீ அனுபவி’. ஆனால் அனுபவித்தது உன் கால் இல்லை, என் கால் இல்லை. நாம் முகம்கூடப் பார்க்காத ஒருத்தியின் கால்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதும்போதும் இதை மட்டும் விட்டுவிட்டேன்.

வக்கீல் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அந்தப் பெண்ணைப் போய்ப் பார்.

அக்கா


ஏப்ரல் 24

அக்கா,

போனேன்.

மாடிப்படி இல்லாத வீடாகப் பார்த்துக் குடி மாறியிருக்கிறார். காலை ஒரு பிரம்பு மோடாவின்மேல் நீட்டி வைத்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது பெரியவர் இருப்பார். நம் மொழிக்காரர் என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. மொழிபெயர்த்துத் தப்பிக்க வழியில்லை.

“நீங்கதான் அந்தச் சக்கரக் கம்பெனியா?”

“ஆமா. இயக்குநர்.”

“உக்காருங்க. என்னால எழுந்து வரவேற்க முடியாது.”

உட்கார்ந்தேன். நைலான் என் முடிவு என்றேன். அதற்குப் பின்னால் ஒரு விளக்கம் தயாராக வைத்திருந்தேன், இரண்டு நாடு, இரண்டு சட்டம், வரி, நிபந்தனை என்று. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தம்பி, யாரு முடிவுன்னு நான் கேக்கலை. பேஷண்டைத் தூக்கி உக்கார வைக்கும்போது கட்டில் நகர்ந்துச்சு. அவரை விட்டா அவர் விழுவார். விடலை. கால்ல ஏறிடுச்சு. அது முடிஞ்ச கதை. அந்தச் சக்கரம் இன்னும் எத்தனை கட்டில்ல இருக்கு?”

எனக்குப் பதில் தெரியும், அக்கா. விபத்து நடந்த கட்டிலை மட்டும் ஓரம்கட்டியிருக்கிறார்கள். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு மாடி முழுக்க அதே சக்கரம். இன்னும் ஐந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறோம். ஒருவருக்கும் நாம் சொல்லவில்லை. நான் திரும்பக் கேட்டால் தப்பை ஒத்துக்கொண்டதாகும். நீ கேட்டால் நீதான் முடிவெடுப்பவள் என்று வரிக்காரர் பிடித்துக்கொள்வார். சரி என்றால் என்ன அர்த்தம் என்று நாம் ஊர் ஊராகக் கடிதம் போட்டுக்கொண்டிருந்த இத்தனை வாரமும் அந்தக் கட்டில்களில் ஆள் படுத்திருக்கிறார்கள்.

“எனக்குப் பதிலா இப்போ அந்த வார்டுல ஒரு சின்னப் பொண்ணு வேலை பார்க்குது. ஒல்லியா இருக்கும், பலமே கிடையாது” என்றார். என் பக்கம் பார்க்காமல் காலைத் தடவிக்கொண்டார்.

அங்கிருந்து நேராக அலுவலகம் போனேன். ஆறு ஆஸ்பத்திரிக்கும் எழுதிவிட்டேன்: இந்தச் சக்கரம் உள்ள கட்டிலை இன்றே ஒதுக்குங்கள், பிழை எங்களுடையது. வக்கீல் போனில் கத்தினார், கத்தட்டும். நஷ்ட ஈட்டை உன் கணக்கிலிருந்து எடுத்து இங்கே போட்டுவிட்டேன். பிறகு இரண்டு நாட்டு வரி அலுவலகத்துக்கும் ஒரே கடிதம், ஒரு சொல்லும் மாறாமல்: ‘நைலான் பல் என் முடிவு. மற்ற எல்லா முடிவுகளும் என் அக்காவுடையவை. அந்தச் சரிக்கு நான் தந்த மொழிபெயர்ப்பு பொய்.’ இத்தோடு நம் வழக்கு அங்கேயும் போச்சு, இங்கேயும் போச்சு. இனி இந்தத் தொழிலில் என்னை வைத்துக்கொள்வார்களா என்று தெரியவில்லை. உன் கோபத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அதைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

எஃகுப் பல் வேண்டும். அனுப்பு என்று இயக்குநராக முடிவெழுதினால் நீ மறுபடி சரி போட வேண்டியிருக்கும். போதும் அது. நீயே முடிவு செய்.

தம்பி


மே 2

டேய்,

உன் கடிதம் வருவதற்கு முன்பே பல் அடிக்க ஆரம்பித்துவிட்டோம். போன கடிதத்தைக் கூரியரில் போட்டுவிட்டு வந்த அன்றே ஃபோர்மேனிடம் சொன்னேன். “இதுக்கு மேலிடத்து உத்தரவு வந்தாச்சாம்மா?” என்று கேட்டார். “நான்தான் மேலிடம்” என்றேன். மனிதர் நாலு வருடத்துக்குப் பிறகு பல்லைக் காட்டிச் சிரித்தார். பெட்டிகள் நேற்று விமானத்தில் ஏறிவிட்டன.

அதிகாரி உன் கடிதத்தோடு வந்தார். என் பங்குக்கு நானும் சொன்னேன், அந்தக் கோபத்தையும் சேர்த்து. சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் கேட்கக்கூட இல்லை.

“இதை நான் எப்படி எழுதறது மேடம்?”

“முடிவெல்லாம் என்னுது. தப்பு ரெண்டு பேரோடது. அப்படி எழுதுங்க சார்.”

“தப்புக்கு இந்தப் படிவத்துல கட்டம் இல்லையே.”

முதல் தடவையாக டீ வாங்கிக் குடித்தார். குடித்தாரே தவிர ஒன்றையும் குறைக்கவில்லை. மொத்த வரியும் உண்டு, அபராதமும் உண்டு. தவணை கேட்டிருக்கிறேன். பின்பக்கக் கொட்டகையையும் இரண்டு மெஷினையும் விற்க வேண்டியிருக்கும். ஆட்களை அனுப்ப மாட்டேன். எப்படி என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

சக்கரத்தில் பல் மாட்ட ஆள் தேடாதே, நீயே மாட்டு. ஸ்பேனர் பிடிக்கத் தெரியும்தானே, இல்லை அதையும் தாளில்தான் பிடிப்பாயா? ஒவ்வொன்றாக மிதித்துப் பார். ‘டக்’ என்று கேட்டால் கேட்டது என்று எழுது. ‘சரி’ என்று மட்டும் எழுதித் தொலைக்காதே.

அக்கா


மே 19

அக்கா,

கேட்டது.

ஆறு ஆஸ்பத்திரியும் முடிந்தது. கட்டிலுக்கடியில் படுத்துப் படுத்து முதுகு போய்விட்டது. கடைசியாக அந்த நர்ஸின் வார்டுக்கு வந்தேன். அவர் கைத்தடியோடு வந்து வாசலில் நின்றார். வேலைக்கு இல்லை, இதைப் பார்க்க. பக்கத்தில் அவர் சொன்ன அந்தச் சின்னப் பெண்.

ஒவ்வொரு கட்டிலாக மிதித்துக் காட்டினேன். டக், டக், டக், டக். கடைசிக் கட்டிலில் “இன்னொரு தடவை மிதிங்க” என்றார். மிதித்தேன். குனிந்து, கைத்தடியைக் கட்டிலில் சாய்த்துவிட்டு, இரண்டு கையாலும் கட்டிலைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

நிமிர்ந்தார். “சரி” என்றார்.

கைத்தடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

தம்பி